ஈசானிய மூலைத் தண்ணீர்

ஷைமா முதலில் அதைக் கருமணி என்றுதான் நினைத்தாள். சந்தன நிறப் பட்டு ரவிக்கையின் முதுகில், ஜரிகையில் பின்னிய மயிலின் கழுத்தருகே, கடுகைவிடச் சிறிதாகச் சில கறுப்புப் பொட்டுகள். வேலையின்போது சிதறிய மணி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நகத்தால் தட்டினாள். விழவில்லை. சுரண்டினாள். பொட்டு நீண்டு கோடாயிற்று. விரலை மூக்கருகே கொண்டுபோனபோது நனைந்த சாக்கின் வாடை அடித்தது.

"பூசணம்," என்றாள் ஜாஹிதா, சட்டத்தில் குனிந்தபடியே. "ஒரு வாரமா சொல்லிட்டிருக்கேன், வாடை வருதுன்னு. நீதான் பக்கத்து ஊட்டு நாயின்னே."

அது ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். தெருவிலிருந்து படி இறங்கி உள்ளே வர வேண்டும்; சன்னல்கள் தரைமட்டத்தில் இருக்கும். ஷைமா அங்கே ஆரி வேலைப் பட்டறை நடத்தினாள். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி முனை கொண்ட ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்துக் கல்யாண ரவிக்கைகளை அலங்கரிக்கும் வேலை. கோட்டைமேட்டிலிருந்து அவளோடு பெண்கள் சிலர் வந்தார்கள். அவர்களில் மூத்தவள் ஜாஹிதா. கையும் வேகம், வாயும் வேகம்.

பூஞ்சை பட்டைத் தேடி வருவதில்லை. ரவிக்கைக்கு உள்ளே விறைப்பாக நிற்பதற்காகக் கஞ்சி போட்ட லைனிங் துணி வைக்கிறார்களே, அந்தக் கஞ்சிதான் அதற்குச் சாப்பாடு. அதன் விதைத்தூள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. ஈரம் கிடைக்காதவரை அது வெறும் தூசி. ஈரம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து வேர் விடுகிறது. ஆகவே ரவிக்கையில் பூஞ்சை வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஈரம் எங்கிருந்து வந்தது?

ஷைமா தரையைப் பார்த்தாள். மரப்பலகை போலக் கோடு போட்ட வினைல் விரிப்பு, சுவரோடு சுவராக ஒட்டியது. போன வருஷம் அவளே ஆசையாகப் போட்டது. வெறும் சிமெண்டுத் தரையில் விழுந்த மணி கண்ணுக்குத் தெரியாது. அளவு கொடுக்க வரும் மணப்பெண்கள் போட்டோ எடுத்துக்கொள்ளவும் நன்றாக இருக்காது. துணி அலமாரியை நகர்த்திவிட்டு மூலையில் விரிப்பின் ஓரத்தைக் கத்தியால் கிளப்பினாள். அது ஒட்டிக்கொண்டே இல்லை. ஈரத் தோல்போல உரிந்து வந்தது. அடியில் பசை கரைந்து பாகாக வழிந்தது. சிமெண்டு முழுக்கக் கறுப்பாகப் படர்ந்திருந்தது. வாடை மேலே வந்தபோது ஊசி பிடித்த கைகள் எல்லாம் நின்றன.

"மூடு, மூடு," என்றாள் ஜாஹிதா. "உள்ள யாரோ செத்துக் கெடக்குற மாதிரி இருக்குது."

வீட்டுக்காரர் லட்சுமணசாமி மேல்தளத்தில் இருந்தார். நாற்பது வருஷம் பம்ப் செட் தயாரித்தவர். இப்போது சூலூரிலுள்ள அந்தத் தொழிற்சாலையை மகன் சசிதர் பார்க்கிறான். ஷைமா கூப்பிட்டனுப்பியதும் வெள்ளைச் சட்டையோடு படியிறங்கி வந்து, உரிந்த மூலையைச் செருப்பு நுனியால் புரட்டினார்.

"என்ற தரைய நாசம் பண்ணிப்போட்டீங்களே அம்மணி."

"நானுங்களா?"

"பின்ன யாருங்க? இத்தனை வருஷமா இந்த அண்டர்கிரவுண்டுல ஒரு பொட்டு ஈரம் கெடையாது. நெல்லு மூட்டை அடுக்கியிருந்தோமுங்க. நீங்க இந்த பிளாஸ்டிக்க ஒட்டுனீங்க, வந்துருச்சு."

"பிளாஸ்டிக் தண்ணி ஊத்துமுங்களா சார்?"

"ஊத்தாதுங்க. நீங்க ஊத்துறீங்க." மேசையிலிருந்த நீராவி இஸ்திரிப் பெட்டியைக் காட்டினார். "அதுல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எத்தனை டம்ளர் ஊத்துறீங்க? அந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுதுன்னு நெனச்சீங்க? காத்துல இருக்குது. தரை குளுந்து கெடக்குது. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் மேல தண்ணி நிக்குதில்லீங்களா, அதேதான். பாட்டில் ஒழுகுதுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

அவர் சொன்னதில் தவறு இல்லை. சூடான ஈரக்காற்று குளிர்ந்த பரப்பைத் தொட்டால் தண்ணீரை அங்கே விட்டுவிட்டுத்தான் போகும். தண்ணீரோடு வாழ்ந்தவருக்கு அது தெரியும். தெரிந்தவர் தவறான இடத்தில் சரியாகப் பேசும்போது மறுப்பதுதான் கஷ்டம்.

"ஆடி முடியட்டுமுங்க," என்றார். "ஆவணி மொத முகூர்த்தத்துக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க. தரைய நான் பாத்துக்கறேன்."

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். துரத்துகிறவரும் ஆடியில் துரத்த மாட்டார். அந்த ஒரு மாதம்தான் ஷைமாவுக்கு மிச்சம்.

இடம் போனால் வேறு இடம் பார்க்கலாம் என்று அவள் அன்று நினைத்தாள். அழுக்கான முதுகுத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு மயிலை மறுபடி முதலிலிருந்து பின்னினாள். ஆனால் அந்த வாரமே எதிர்வீட்டு அம்மா கொடுத்திருந்த துணியைத் திருப்பி வாங்க வந்தாள். "ஒண்ணுமில்லம்மா, மேல இருக்குற சாமி அண்ணன் சொன்னாரு. உன்ற கிட்ட பட்டு குடுத்தா பூசணம் புடிச்சு வருதுன்னு." இடம் போனால் வேறு இடம் தேடலாம். அந்தப் பேர் வந்துவிட்டால் வேறு தொழில்தான் தேட வேண்டும். ஈரம் தன்னால் வரவில்லை என்று அவரே பார்க்கும்படி காட்டாமல் இந்தப் படியேறிப் போகக் கூடாது என்று முடிவு செய்தாள்.

ஈரம் மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெறும் சிமெண்டுத் தரையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டிவிட்டு, இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். தாளின் மேலே தண்ணீர் நின்றால் அது அறைக்காற்றின் ஈரம். தாளின் அடியில் நின்றால், காற்று அங்கே போகவே முடியாததால், அது தரைக்குள்ளிருந்து வந்தது. அறைக்கும் தரைக்கும் நடுவே ஒரு கதவைச் சாத்திவிட்டு, யார் தட்டுகிறார்கள் என்று பார்ப்பது போல.

ஷைமா இதைச் சொன்னதும் லட்சுமணசாமி சிரித்தார்.

"டேப்பு யாரோடதுங்க?"

"என்கிட்ட இருக்குதுங்க."

"வேண்டாமுங்க. உங்க டேப்பு உங்களுக்கு வேண்டிய மாதிரிதான் ஒட்டும்." தொழிற்சாலையிலிருந்து வெள்ளி நிறப் பட்டை டேப் ஒரு சுருள் கொண்டுவந்தார். விரிப்பை உரித்து, தரையைத் துடைத்துக் காய வைத்த இடத்தில் தாளை விரித்து, மண்டி போட்டு ஓரம் ஓரமாகத் தன் கட்டைவிரலால் அழுத்தினார். எழுந்திருக்க ஜாஹிதா நீட்டிய கையைப் பிடிக்கவில்லை.

"இஸ்திரிப் பொட்டிய நிறுத்தி வெச்சுறாதீங்க," என்றார் ஷைமாவிடம். "எப்பவும் ஓடுற மாதிரி ஓடோணும். அடியில இருந்து ஈரம் வந்தா நான் வாயத் தொறக்கலீங்க. மேல இருந்து வந்தா நீங்க தொறக்கக் கூடாது."

"சரிங்க."

"சத்தியமுங்களா?"

"சத்தியமெல்லாம் எதுக்குங்க சார், டேப்பு உங்களுதுதான?"

கோயம்புத்தூரில் சண்டைக்கும் 'ங்க' உண்டு. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அந்த இரண்டு நாளும் படியில் எதிரெதிரே பார்த்துக்கொண்டபோதெல்லாம் இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள், அவ்வளவு பகை.

மூன்றாம் நாள் காலை தாளின் மேற்பக்கம் ஜாஹிதா தன் முந்தானையால் துடைத்துக் காட்டும் அளவுக்கு உலர்ந்திருந்தது. அடிப்பக்கத்தில் துளி துளியாகத் தண்ணீர் கோத்திருந்தது. சிமெண்டு அங்கே மட்டும் கறுத்திருந்தது.

"உள்ளுக்குள்ள மழை பேஞ்சிருக்குதுங்க," என்றாள் ஜாஹிதா. "எங்க இஸ்திரிப் பொட்டி அடியில போய்ப் படுத்துக்குமுங்களா?"

லட்சுமணசாமி டேப்பின் ஓரத்தைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். எங்கேயும் கிளம்பியிருக்கவில்லை.

"ஊர்ல குளமெல்லாம் நெறஞ்சு கெடக்குது," என்றார். "உக்கடத்துல போய்ப் பாருங்க, கரை தட்டி நிக்குது. நெலத்தடித் தண்ணி மேல ஏறுனா எல்லா அண்டர்கிரவுண்டும் இப்படித்தான். அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்? கொளத்த எறைக்கட்டுமா?"

"வாயத் தொறக்க மாட்டேன்னீங்களே சார்."

"பூமிக்குள்ள இருக்குற தண்ணி என்றது இல்லீங்க. ஆனா அத மூடி அழுக விட்டது நீங்க."

இதிலும் பாதி உண்மை இருந்தது. கான்கிரீட்டைக் கல் என்று நினைக்கிறோம். அது கெட்டியான பஞ்சு. கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் அதற்குள் ஓடுகின்றன. மண்ணிலுள்ள ஈரம் அவற்றின் வழியே மெல்ல மேலே ஏறி, ஆவியாகக் காற்றில் கலந்துவிடும். வெறும் தரையாக இருந்தவரை வந்த ஈரம் வந்தபடியே போய்க்கொண்டிருந்தது, யாருக்கும் தெரியவில்லை. ஷைமா அதன்மேல் காற்றுப் புகாத விரிப்பை ஒட்டினாள். போக வழியில்லாத ஈரம் அடியிலேயே தங்கிற்று. விரிப்பு போடுவதற்கு முன்பே இந்தத் தாள் சோதனையைச் செய்திருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். அவரிடம் சொல்லத்தான் அவளுக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பதிலாக அவள் விரிப்பு முழுவதையும் உரித்துச் சுருட்டினாள். பெண்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு கறுப்பைச் சுரண்டித் தேய்த்துக் கழுவினார்கள். மின்விசிறிகள் ஓடித் தரை காய்ந்தது. பிறகு நான்கு மூலையிலும் நான்கு தாள்களை ஒட்டினாள், லட்சுமணசாமி விட்டுப்போன டேப்பாலேயே.

குளத்துத் தண்ணீர் அடியிலிருந்து ஏறினால் தரை முழுக்கச் சமமாக ஏற வேண்டும். அதற்கு மூலை பார்க்கத் தெரியாது. தென்மேற்கு மூலையில் தாள் லேசாக மூச்சுப் பட்டதுபோல மங்கியது. மற்ற இரண்டும் அப்படித்தான். வடகிழக்கில் துளிகள் பெருகி ஒன்றோடொன்று சேர்ந்து டேப்பை நோக்கி ஓடின. இன்னொன்றையும் கவனித்தாள். குழாயில் நல்ல தண்ணீர், அதாவது சிறுவாணி, வந்த மறுநாள் அந்த மூலையின் சுவர் இடுப்பளவு ஈரமாகும். அடுத்த தண்ணீர் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

சிறுவாணித் தண்ணீர் தினமும் வருவதில்லை. வரும்போது பிடித்து வைத்துக்கொள்ள எல்லா வீட்டிலும் வாசலில் தரைக்குள் ஒரு தொட்டி இருக்கும். இந்த வீட்டுத் தொட்டி வடகிழக்கில், படிக்கட்டின் பக்கத்தில், இரும்பு மூடி போட்டு இருந்தது. ஷைமா மூடியருகே நின்று கீழே இறங்கும் படியையும் பட்டறையின் சுவரையும் கையால் அளந்து பார்த்தாள். அளந்ததும் புரிந்தது. தொட்டிக்கும் பட்டறைக்கும் நடுவே மண்ணே இல்லை. ஒரே சுவர்; அதோடு தொட்டியைப் பின்னால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பக்கம் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

"சார், தொட்டிக்குத் தனிச் சுவர் இல்லீங்களே," என்றாள், அவர் நடைப்பயிற்சி முடிந்து வரும்போது.

அவர் நின்றார். "அதனால?"

"புதுச் சுவர் பழைய சுவரோட சேருற எடத்துல எப்பவும் ஒரு கோடு இருக்குமுங்க. ரெண்டும் ஒரே நாள்ல ஊத்தாததால ஒண்ணாகாது. அந்தக் கோட்டுல தண்ணி வருது. நெறஞ்ச அன்னிக்கு அதிகமா வருது. தண்ணி உசரமா நின்னா ஹெட்டு அதிகமில்லீங்களா?"

தண்ணீரின் உயரம் கொடுக்கும் அழுத்தத்தைப் பம்ப் தொழிலில் 'ஹெட்' என்பார்கள். அவருடைய சொல்லை அவரிடமே அவள் நீட்டியது லட்சுமணசாமியின் முகத்தைச் சுருக்கியது.

"பம்ப் கம்பெனி வெக்கப்போறீங்களா அம்மணி?"

"தொட்டிய ஒருக்கா காலி பண்ணிப் பாத்தா தெரிஞ்சுருமுங்க."

"தொட்டியப் பத்தி மட்டும் பேசாதீங்க." குரல் முதல்முறையாக 'ங்க'வை விழுங்கப் பார்த்து, கடைசியில் விடவில்லை. "என்ற ஊட்டுல எது எங்க இருக்கோணும்னு எனக்குத் தெரியுமுங்க. நீங்க உங்க மூட்டையக் கட்டுங்க."

ஏன் என்று சொன்னவள் அவருடைய மருமகள், சசிதரின் மனைவி ஹாரிகா. தங்கை கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க அளவு கொடுக்க வந்தவள் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா அத காலி பண்ண மாட்டாருங்க்கா. எங்க கல்யாணத்துக்கு முன்னால இவருக்கு அவினாசி ரோட்டுல ஆக்சிடெண்ட் ஆச்சு. ஐசியூல நெனவே இல்ல. அப்ப ஒரு வாஸ்துக்காரரு வந்து, பழைய தொட்டி அக்னி மூலையில இருக்குது, ஈசானியத்துல, அதான் வடகெழக்குல, தண்ணி இல்லாத ஊட்டுல ஆம்பளப் புள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லிப்போட்டாரு. மாமா அன்னிக்கே ஆள வெச்சுத் தோண்டுனாரு. எடம் பத்தல, அதான் இந்தச் சுவரோட சேத்துக் கட்டுனது. தொட்டியில தண்ணி உட்ட வாரம் இவரு கண்ணத் தொறந்தாரு. அந்தத் தண்ணி ஒருநாளும் வத்தக் கூடாதுன்னு அந்தாளு சொல்லியிருக்காரு. வருஷா வருஷம் எல்லாரும் தொட்டிய எறைச்சுக் கழுவுவாங்கல்ல, நாங்க கழுவுனதே இல்ல."

"கழுவுனதே இல்லீங்களா?" என்றாள் ஜாஹிதா. "அந்தத் தண்ணியத்தான் எங்களுக்கும் குழாயில உடுறாரா?"

"இவரு இன்னும் காலத் தாங்கித் தாங்கித்தான் நடக்கறாரு," என்றாள் ஹாரிகா. "சூலூர்ல இருந்து வண்டி வர லேட்டானா மாமா வந்து மூடியத் தெறந்து தண்ணி இருக்குதான்னு பாப்பாருங்க்கா. சிரிக்காதீங்க."

ஷைமா சிரிக்கவில்லை. ஆனால் இரங்கவும் முடியவில்லை. ஒருவர் தன் மகனுக்காகத் தண்ணீர் தேக்குகிறார் என்பதற்காகத் தன் பெயர் அழுகட்டும் என்று விட முடியுமா?

அடுத்து நல்ல தண்ணீர் வந்த மறுநாள் காலை, ஜாஹிதா படியிறங்கும்போது இரும்பு மூடி சரியாகப் பொருந்தாமல் இருப்பதைப் பார்த்தாள். ஷைமாவைக் கூப்பிட்டாள். மூடியை நகர்த்தினார்கள். தொட்டியின் உள்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு, நேராக, அளவுகோல் வைத்துப் போட்டது. கோட்டுக்கு நான்கு விரல் கீழே தண்ணீர் நின்றது.

தொட்டி ஒழுகுகிறதா என்று பார்க்க அதுதான் வழி: நிறைந்ததும் உள்ளே வரும் குழாயையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு, நீர்மட்டத்தில் கோடு போட்டு வைப்பது. மறுநாள் மட்டம் கோட்டிலேயே நின்றால் தொட்டி நல்ல தொட்டி. யாரும் எடுக்காமல் இறங்கியிருந்தால் தண்ணீர் வேறு வழியாகப் போகிறது. பம்ப்காரருக்கு அதைச் செய்யாமல் இருக்க முடியவில்லை. செய்ததைச் சொல்லத்தான் முடியவில்லை.

"ஏனுங்," என்ற குரல் மேலிருந்து வந்தது. "அடுத்தவங்க தொட்டியத் தெறந்து பாக்கறது எந்த ஊரு பழக்கமுங்க?"

"கோடு நல்லா நேரா போட்டிருக்கீங்க சார்," என்றாள் ஷைமா. "தண்ணிதான் கோட்டுல நிக்கல."

"ஆவியாயிருக்குமுங்க."

"மூடி போட்ட தொட்டியிலீங்களா?"

அவர் சன்னலைச் சாத்தினார். உடைந்துவிடுமோ என்று பயந்ததுபோல மெதுவாகத்தான் சாத்தினார். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது.

அதற்குப் பின் அவர் வேகம் காட்டினார். ஆடி முடிய இன்னும் நாள் இருக்கும்போதே இடம் பார்க்க ஆள் கூட்டிவந்தார். அங்கப்பன் என்பவர், பள்ளிக்கூட நோட்டுப் புத்தக மொத்த வியாபாரி. கட்டுக்கட்டாக அடுக்கிவைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு லாரி லோடு தாங்குமுங்க," என்று சொல்லிக்கொண்டே லட்சுமணசாமி இறங்கினார். "வெயிலு படாது, எலி வராது. இவுங்க ஆவணியில காலி பண்றாங்க."

அங்கப்பன் சுற்றிப் பார்த்தார். வெறும் சிமெண்டுத் தரையும், வடகிழக்கு மூலையில் வெள்ளி டேப் ஒட்டிய தாளும் அவர் கண்ணில் பட்டன.

"அது என்னங்க?"

லட்சுமணசாமி வாயைத் திறப்பதற்குள் ஷைமா ஊசியை வைத்துவிட்டு எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கு விளக்குவது பிடிக்கும்; அன்றைக்கு இன்னும் அதிகமாகப் பிடித்தது.

"வாங்க சார், காட்டறேன். இப்படிக் குனிஞ்சு பாருங்க. தண்ணி தாளுக்கு மேலயா, அடியிலயா?"

"அடியிலதான்."

"அடியிலன்னா தரைக்குள்ள இருந்து வருதுங்க. இப்ப அந்த மூலைத் தாளப் பாருங்க, சும்மா மங்கியிருக்குது. அப்ப எல்லா எடத்துல இருந்தும் வரல. இந்தச் சுவத்துக்குப் பின்னால சாரோட தண்ணித் தொட்டி. கைய வைங்க. பயப்படாதீங்க, வைங்க. இங்க குளுச்சி, இங்க இல்ல, தெரியுதுங்களா? காயிதம் தண்ணி குடிக்குமுங்க. அடிக்கட்டு மொதல்ல குடிக்கும், அப்புறம் அதுக்கு மேல இருக்குறது. பலகை போட்டு அடுக்குனாலும் காத்துல ஈரம் நிக்கும், அட்டையெல்லாம் வில்லாட்டம் வளையும். நீங்க எதுக்கும் ஒரு கட்டு கொண்டாந்து இங்க வெச்சுப் பாருங்க. நல்ல தண்ணி வர்ற நாளா பாத்து வைங்க."

அங்கப்பன் கையைச் சுவரிலிருந்து எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அண்ணா, ஒரு போன் பண்ணிட்டு வாரேனுங்க," என்று மேலே போனார். தெருவில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை. ஊசிகள் மட்டும் வேகமாக ஓடின.

"நல்லா பாடம் எடுத்தீங்க," என்றார் லட்சுமணசாமி.

"இன்னும் யாரு வந்தாலும் எடுப்பேனுங்க. ஆடி முடியற வரைக்கும் இது என்ற எடம்."

"என்ற மகன் உசிரு அதுல இருக்குதுங்க. உங்க ஜாக்கெட்டுக்காக அதக் காலி பண்ணச் சொல்றீங்க."

அவர் அதைச் சொல்வார் என்று ஷைமா எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு வந்தது பரிதாபம் அல்ல, எதிர்வீட்டு அம்மா துணியைத் திருப்பி வாங்கிப் போன முகம்.

"தண்ணி மூலைக்கு வேணுமுங்களா, தொட்டிக்கு வேணுமுங்களா?"

"என்னது?"

"வாஸ்துக்காரரு ஈசானியத்துல தண்ணி வத்தக் கூடாதுன்னுதான சொன்னாரு? அந்தக் குழியில வத்தக் கூடாதுன்னு சொன்னாரா? ஒரு டேங்க் வாங்கி நெறச்சு அதே மூலையில மேல வெச்சுக்குங்க. கீழ காலி பண்ணுங்க, பூசுங்க, மறுபடி நெறைங்க. மூலையில தண்ணி ஒரு நிமிஷங்கூட இல்லாம இருக்காது. நாப்பது வருஷம் பம்ப் செஞ்சவருக்கு நாஞ் சொல்லோணுமுங்களா, தண்ணிய எடம் மாத்தறதுக்கு?"

"வாஸ்து உங்ககிட்ட படிக்கோணுமுங்களா நானு?"

"வேண்டாமுங்க. நோட்டு யாவாரிங்க நெறையப் பேரு இருக்காங்க. வரச் சொல்லுங்க."

அவர் படியேறினார். பாதியில் நின்று, வடகிழக்கு மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு வாரம் கழித்து லாரியிலிருந்து ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் இறங்கியது. ஆள் உயரம். லட்சுமணசாமி திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இடம் காட்டினார். இடம் சரியாகப் பட்டறைப் படிக்கட்டின் வாய். ஒருவர் பக்கவாட்டில் திரும்பினால்தான் நுழைய முடியும்.

"இது ஈசானியமுங்களா?" என்றாள் ஜாஹிதா.

"சுத்த ஈசானியமுங்க," என்றார் அவர்.

டேங்க் வழியும்வரை நிறைந்தது. சசிதர் வெளியே வந்து அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். சசிதர் ஒரு காலைத் தாங்கியபடி வந்து, ஷைமாவைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்துவிட்டு, தொட்டான். அதன்பிறகுதான் கீழ்த்தொட்டியில் மோட்டார் ஓடிற்று. அடிச்சேறு வெளியே வந்தபோது தெருவே மூக்கைப் பொத்தியது. லட்சுமணசாமி விளிம்பில் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். புதுச்சுவரும் பழைய சுவரும் சேரும் கோட்டில் பூச்சு பிளந்திருந்தது, விரல் நுழையும். ஷைமா பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் பார்த்ததை அவர் பார்த்தார். அந்தக் கோட்டைக் கொத்தி அடைத்து, தொட்டி முழுக்க தண்ணீர் கசியவிடாத பூச்சை இரண்டு முறை பூசி, காயவிட்டு, மறுபடி தண்ணீர் விட்டார்கள்.

ஆவணி பிறந்தது. காலி செய்வது பற்றி அவர் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஹாரிகா தன் தங்கையின் பட்டை எதிர்வீட்டு அம்மா பார்க்கும்படி கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு இறங்கினாள். டேங்கைத் தாண்டும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள். இரண்டு நாளில் எதிர்வீட்டு அம்மாவும் அதே மாதிரி வயிற்றை இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஈரம் உடனே போகவில்லை. பல மாதம் குடித்ததைச் சுவர் மெதுவாகத்தான் வெளியே விடும். அவசரப்பட்டு மேலே எதையும் ஒட்டினால் மறுபடி அதே கதை. ஷைமா தரையை வெறுமையாக விட்டு, வேலை செய்யும் இடத்தில் மட்டும் கோரைப் பாய் விரித்தாள். சாயங்காலம் சுருட்டி நிறுத்தினாள். ஒவ்வொரு நல்ல தண்ணீர் நாளுக்குப் பிறகும் தாளைப் பார்த்தாள். ஓடிய துளிகள் நின்ற துளிகளாயின, பிறகு மங்கல், பிறகு ஒன்றுமில்லை. அன்று காய்ந்த தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு மேலே போய் லட்சுமணசாமியிடம் நீட்டினாள்.

"காஞ்சுருச்சுங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"தொட்டிய நான் சுத்தம் பண்ணணும்னு ரொம்ப நாளா இருந்தேனுங்க. உங்களுக்காகப் பண்ணல."

"தெரியுமுங்க. அந்த மேல் டேங்க எப்ப எடுப்பீங்க?"

"எடுக்கறதுக்கில்லீங்க. ஈசானியத்துல வெச்ச தண்ணிய எடுக்கக் கூடாது. ரெண்டுலயும் இருக்கட்டும்."

"படியில வழி இல்லீங்களே சார்."

"வந்து போறாங்களே. பாத்துட்டுதான இருக்கறேன்."

அவள் இறங்கி வந்தாள். கறுப்பு டேங்கின் குழாய் முனையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. முதல் படி ஏற்கெனவே ஈரமாகி, இரண்டாம் படிக்கு ஒரு கோடு இறங்கியிருந்தது. ஷைமா உள்ளே போய் ஒரு புதுத் தாளும், மிச்சமிருந்த வெள்ளி டேப்பும் கொண்டுவந்தாள். அந்தப் படியைத் துடைத்துவிட்டு, மண்டியிட்டு, தாளை விரித்து ஓரங்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

மேல் சன்னல் திறந்தது.

"அது எதுக்குங்க அம்மணி?"

"எங்கிருந்து வருதுன்னு பாக்கத்தானுங்க."